என் கையில் இல்லாத காயம்

பெஹாலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு, இதற்குமேல் தன்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டுப் போனார். மூன்றாம் மாடிவரை அதை ஏற்றியவர் என் கணவர். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை இறக்கி, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். இரண்டாம் மாடியில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கீழ்வீட்டு மாசிமா, "என்னம்மா இது, மாவு மெஷினா?" என்று கேட்டார். "ரம்பம் மாசிமா" என்றேன். அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அது ஸ்க்ரோல் ஸா. பார்த்தவர்களுக்குத் தையல் மெஷின் ஞாபகம்தான் வரும். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் நூல் மாதிரி மெல்லிய ரம்ப பிளேடு. அது நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். பலகையை நாம்தான் அதைச் சுற்றி மெதுவாகத் திருப்பவேண்டும். எவ்வளவு நெளிவான கோடானாலும் அறுக்கலாம். பலகையின் நடுவில் ஓட்டை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து மாட்டினால், ஓரத்தைத் தொடாமலே உள்ளே ஒரு பூவை வெட்டி எடுக்கலாம்.

நான் திருச்சியில் ஒரு இரும்புப் பட்டறையின் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவள். மற்றவர்கள் வெட்டுவதற்குக் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். மாற்றல் வந்ததும் வேலையை விட்டேன். இரண்டு ஊர் சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்தபோது கோடு போடும் கை சும்மா இருந்து பழகிப்போயிருந்தது. மகள் படிக்க பெங்களூருக்குப் போனபின் அவள் அறை காலியானது. குளிர்காலத்துக் கைவினைச் சந்தையில் மரத்தால் செய்த புதிர் ஒன்றைப் பார்த்தேன். துண்டுகளைச் சேர்த்தால் யானை வரும். அதன் வெட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் அந்தக் கடையில் நின்றேன். "வாங்கணுமா?" என்றார் கூட வந்திருந்த என் கணவர். "இல்ல, இதச் செய்யணும்" என்றேன். அவர் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. வீட்டுக்கு வந்து என்கூடவே உட்கார்ந்து எந்த மெஷின் நல்லது என்று தேடியவரும் அவர்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும். அப்போது அவர் நடித்தார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை.

மகளின் அறையை ஒட்டி கம்பி போட்ட சின்ன பால்கனி இருக்கிறது. கனமான பழைய மேஜை ஒன்றை அங்கே போட்டோம். மெஷினைச் சும்மா மேஜைமேல் வைத்து ஓட்டினால் அது நடுங்கி நடுங்கி நகர்ந்துகொண்டே போகும். அதனால் அடியில் ரப்பர் தகடு விரித்து, மேஜையில் துளை போட்டு, நான்கு மூலையிலும் போல்ட் முடுக்கினோம். ஸ்பேனர் அவர் கையில், டார்ச் என் கையில். எலெக்ட்ரிக் மிஸ்திரியைக் கூப்பிட்டு அந்த பிளக்குக்கு எர்த் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வரவில்லை. சுவரை உடைத்துப் புது ஒயர் இழுத்த பிறகுதான் மெஷினின் ஸ்விட்சைத் தொட்டேன்.

ஆரம்பத்தில் நிறைய பிளேடு உடைத்தேன். பல் கீழே பார்த்து இருக்கவேண்டும் என்று தெரியாமல் தலைகீழாக மாட்டினேன்; பலகை குதித்துக் குதித்து மேலே எழும்பியது. பிளேடின் இழுவிசை சரியாக இருக்கிறதா என்று விரல் நகத்தால் சுண்டிப் பார்க்கவேண்டும். வீணைத் தந்தி மாதிரி கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் அது கோட்டை விட்டு அலையும். பலகை வைக்கும் தட்டு பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று என் பழைய மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். டிராயிங் ஆபீஸை விட்டு வந்த பின் முதல் தடவையாக அது பெட்டியை விட்டு வெளியே வந்தது.

எனக்கென்று விதிகள் வைத்துக்கொண்டேன். புடவையோ துப்பட்டாவோ அந்த மேஜைப் பக்கம் வரக்கூடாது. வளையலைக் கழற்றிவிடவேண்டும், தலையை இறுக்கிக் கொண்டை போடவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. கையுறை கூடாது, பிளேடு நூலைப் பிடித்து இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். விரல்கள் பிளேடின் இரண்டு பக்கமும் இருக்கலாம், அதன் பாதையில் ஒருநாளும் இருக்கக்கூடாது. பலகையை அமுக்கித் தள்ளக்கூடாது. அது அறுக்கும் வேகத்துக்கு நாம் போகவேண்டும். பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளவேண்டும். மனசு சரியில்லாத நாளில் மெஷினைத் தொடக்கூடாது.

என் கணவருக்கு இவை எல்லாம் மனப்பாடம். சாயங்காலம் கார்டன் ரீச்சில் இருக்கும் ஆபீஸிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றும்போதே, "கண்ணாடி போட்டியா? வளையல் கழட்டியாச்சா?" என்று ஹாலிலிருந்து கத்துவார். "ஆச்சு கேப்டன்" என்பேன். பிளேடு பலமுறை படீரென்று அறுந்திருக்கிறது. ஒரு தடவைகூட என் கையில் கீறல் விழுந்ததில்லை. இதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊருக்கு ஊர் மாறி, வேலையை விட்டு, யாருக்கும் தெரியாதவளாக ஆன பிறகும், நான் கவனமானவள் என்பது எனக்கென்று மிஞ்சியிருந்தது.

மாசிமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாசிமா என்றால் இங்கே பெரியம்மா, சித்தி முறை. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே தனியாக இருப்பவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலியால் படி ஏறமாட்டார். காய்கறிகூட பால்கனியிலிருந்து கயிற்றில் பை கட்டி இறக்கித்தான் வாங்குவார். நான் செய்த முதல் மீன் புதிரைக் காட்டப் போனபோது அதைப் பிரித்துப் போட்டுச் சேர்த்துவிட்டு, "மீன் எதுக்கு பௌமா? மேப் பண்ணு" என்றார். பௌமா என்றால் மருமகள். அவரே பென்சிலால் வங்காளத்தின் ஜில்லாக்களை வரைந்து கொடுத்தார். நான் அதைப் பலகையில் ஒட்டி அறுத்தேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அவர் டியூஷன் சொல்லித்தருவார். டார்ஜிலிங்கைத் தொலைத்துவிட்டார்கள் என்று ஒருநாள் என்னிடம் புகார் சொன்னார். வேறொரு டார்ஜிலிங் அறுத்துக் கொடுத்தேன். என் அரைகுறை வங்காளமும் அவருடைய இந்தியும் சேர்ந்த ஒரு பாஷையில் நாங்கள் பேசிக்கொள்வோம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அவர். அடுத்ததாக சுந்தரவனத்தை வரைந்து கொடுத்திருந்தார். கடலோரத்தில் நதி பிரிந்து பிரிந்து தீவுகளாகச் சிதறும் இடம். "இத அறுத்துட்டா நீ எதையும் அறுத்துருவ" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை, கட்டடத்தின் செக்ரட்டரி என்னைப் படியில் நிறுத்தினார். அவரை எல்லாரும் தாதா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நம்மூர் தாதாவுக்கும் இந்தச் சாதுவான மனிதருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே தாதா என்றால் அண்ணன்; அவர் என்னை பௌதி என்பார், அண்ணி.

"பௌதி, தப்பா நினைக்காதீங்க. கீழ் வீட்டுலேருந்து கம்ப்ளெயின்ட். உங்க மெஷின் சத்தம். கொஞ்ச காலம் நிறுத்தி வைங்களேன்."

"கீழ் வீடுன்னா? மாசிமாவா?"

அவர் படியின் கைப்பிடியைத் தடவினார். "வயசானவங்க, பௌதி" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சத்தம் தொந்தரவாக இருந்தால் என்னிடமே சொல்லியிருக்கலாமே. நேற்றுக்கூட சுந்தரவனம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டாரே. சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி விடு. கொஞ்ச நாள் நிறுத்தி வை."

"நான் போய் அவங்ககிட்டயே கேக்குறேன். ரப்பர் இன்னும் ஒரு தகடு போடலாம். மத்தியானம் மட்டும் ஓட்டுறேன்னு சொல்றேன்."

"வேண்டாம். நேர்ல சொல்ல முடியாமத்தானே செக்ரட்டரிகிட்ட போயிருக்காங்க? நீ போய்க் கேட்டா கூசிப்போயிருவாங்க. வயசானவங்கள எதுக்குச் சங்கடப்படுத்துற?"

அதில் நியாயம் இருப்பதாகப்பட்டது. அவர் சொன்னபடியே விட்டேன். மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். சுந்தரவனம் பாதி அறுத்தபடி பலகையிலேயே நின்றது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது சத்தம் வராமல் நடந்து பழகினேன். மாசிமாவின் கதவு திறந்திருந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அவர்மேல் கோபம் என்று சொல்லமுடியாது. நம்பின ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டார் என்ற வலி. அந்த வலியை மழைக்காலம் முழுக்க, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு மாடி கீழே வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் என் கணவர் என்னிடம் மிகவும் பிரியமாக இருந்தார். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தார். இருவரும் டீ குடித்துக்கொண்டு டிவி பார்த்தோம். ஒருநாள் எவர்சில்வர் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தார். "ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுல செஞ்சது. உனக்குப் பிடிக்குமேன்னு வாங்கிட்டு வந்தேன்" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை சிங்க்கில் போட்டேன். எப்போதும் தட்டைக்கூட எடுத்துவைக்காதவர், அந்தக் கிண்ணத்தைத் தானே தேய்த்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். மகளிடம் போனில், "உங்கப்பா பாத்திரமெல்லாம் தேய்க்கிறாருடி" என்று பெருமையாகச் சொன்னேன்.

துர்கா பூஜை வந்தது, போனது. தசமி முடிந்தால் இங்கே பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டு, இனிப்புக் கொடுத்து பிஜயா சொல்லும் வழக்கம். யார்மேல் என்ன மனத்தாங்கல் இருந்தாலும் அன்றைக்குப் போவார்கள். எனக்கும் அது ஒரு சாக்காகப்பட்டது. தேங்காய் பர்ஃபி செய்து டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். என் கணவர் கீழே செக்ரட்டரி வீட்டுக்குப் போயிருந்தார். நான் தனியாகப் போய் மாசிமாவின் கதவைத் தட்டினேன்.

"ஓ மா! ஏஷோ, ஏஷோ" என்று இரண்டு கையாலும் என்னை உள்ளே இழுத்தார். குனிந்து காலைத் தொட்டேன். நிமிர்வதற்குள் என் வலது கையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எந்த விரல்?"

"என்ன விரல் மாசிமா?"

"வெட்டுப்பட்டது. கட்டைவிரல்தானே? தையல் போட்டதா உன் வீட்டுக்காரர் சொன்னாரே." அவர் என் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தழும்பே தெரியல. நல்ல டாக்டர்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். என்னால் படியேறி வந்து பார்க்க முடியவில்லை பௌமா, கோபமா உனக்கு? கிண்ணத்தில் கொடுத்தனுப்பிய பாயேஷ் சாப்பிட்டாயா, கையால் பிசைந்து சாப்பிட முடியாதே என்று ஸ்பூனில் சாப்பிடும்படியாகச் செய்து கொடுத்தேன். ஆட்களைப் பார்க்க உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொன்னார், அதனால்தான் கூப்பிடவில்லை. அந்த மெஷின் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாயாமே, நல்லது, கை முக்கியம்.

"மாசிமா," என்றேன், "மெஷின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சா?"

"என்ன சத்தம்? என் ஃபேன் போடுற சத்தத்துல எனக்கு மேல என்ன கேக்கப்போகுது?"

"நீங்க செக்ரட்டரிகிட்ட எதுவும் சொல்லலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்ன சொல்லணும்?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "ஒண்ணுமில்ல மாசிமா. விரல் ஆறிப்போச்சு" என்றேன். புருஷனைப் பொய்யன் என்று அயல்வீட்டில் நின்று சொல்ல நாக்கு எழவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடிக்கொண்டேன், உண்மையிலேயே அங்கே ஏதோ இருப்பதுபோல. அவர் கொடுத்த தேங்காய் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன். 

கீழே போனேன். செக்ரட்டரி வீட்டில் கூட்டம். என் கணவர் உள்ளே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் தாதாவை மட்டும் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டேன். தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றோம்.

"தாதா, கம்ப்ளெயின்ட் கொடுத்தது யாரு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மனிதருக்குப் பொய் வராது. அன்று படியில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றது எதனால் என்று இப்போது புரிந்தது.

"பௌதி, இது புருஷன் பெண்டாட்டி விஷயம். நான் நடுவுல வந்திருக்கக் கூடாது."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான் கேட்டுக்கிட்டார். தான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, சொசைட்டி சொன்னா கேப்பீங்கன்னார். கையில பட்டுருமோன்னு பயப்படுறார்ன்னு நினைச்சேன். உங்க நல்லதுக்குன்னுதான்…"

"மாசிமா பேரச் சொன்னது?"

"நான் பேர் சொல்லல பௌதி. நீங்க கேட்டீங்க. நான் மறுக்கல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மாடிக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எனக்கு எந்த விரல்ல தையல் போட்டாங்க?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். பிறகு அதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார். திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பயமா இருந்துச்சு. ஒருநாள் பிளேடு அறுந்த சத்தம் ஹால் வரைக்கும் கேட்டுச்சு. உன் கைக்கு ஏதாவது ஆயிருமோன்னு…"

"என் கைக்கு ஒண்ணும் ஆகலன்னு உங்களுக்குத் தெரியும். எப்படி ஓட்டுறேன்னும் தெரியும். எர்த் ஒயர் இழுக்குறப்ப நீங்களும்தானே நின்னீங்க?"

அவர் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு வந்தார்.

"பயம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

"நிறுத்தியிருக்க மாட்டேன். பேசியிருப்பேன். என்ன பண்ணா உங்க பயம் போகும்னு கேட்டிருப்பேன்."

 பிறகு அவர் சொன்னதுதான் நிஜம் என்று நினைக்கிறேன்.

"வீட்டுக்கு வந்தா நீ அந்த ரூம்ல இருக்க. கதவு சாத்தியிருக்கு. டீயை நானே போட்டுக் குடிக்கிறேன். பாப்பாவும் இல்ல. எனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? இத எப்படிச் சொல்றது? ரம்பத்து மேல பொறாமையா இருக்குன்னு சொல்லவா?"

அவர் கண் கலங்கியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்று என்னால் முடியவில்லை. தனிமையாக இருக்கிறது என்று அவர் சொன்னது என்னைத் தொட்டது, ஆனால் அதற்கு மருந்தாக அவர் எனக்கிருந்த ஒரே சிநேகிதியை அல்லவா எடுத்துக்கொண்டார்? அதோடு நிற்காமல், இந்தக் கட்டடத்தில் என்னைத் தெரிந்த ஒருவரிடம், என்னைக் கையை வெட்டிக்கொண்ட கவனமில்லாதவளாக ஆக்கினார். நான் எதில் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தேனோ, அதையே பிடித்து ஒரு காயம் செய்தார்.

"ஒண்ணு செய்யுங்க," என்றேன். "மாசிமாகிட்ட போய் நீங்களே சொல்லுங்க. எனக்கு வெட்டுப்படலன்னு சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன்" என்றார்.

மறுநாள் செக்ரட்டரி வீட்டுக்குப் போய்வந்தார். தாதாவே மேலே வந்து வாசலில் நின்று, "பௌதி, கம்ப்ளெயின்ட் எல்லாம் முடிஞ்சுபோச்சு, நீங்க தாராளமா ஓட்டலாம்" என்று, இல்லாத புகாரை மரியாதையாக வாபஸ் வாங்கிவிட்டுப் போனார். மாசிமா வீட்டுக்கு மட்டும் என் கணவர் போகவில்லை. நாளை என்றார். மாசிமாவுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது என்றார். லட்சுமி பூஜை முடியட்டும் என்றார். காளி பூஜைப் பட்டாசுகள் வெடிக்கத் தொடங்கியபோது நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

நானே போனேன். மாசிமா பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரைபடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். செக்ரட்டரி சொன்னது, நான் மாசிமாவைச் சந்தேகப்பட்டது, பிஜயா அன்று அவர் முன்னால் நானும் பொய் சொன்னது. என் வங்காளம் அவ்வளவு கனத்தைத் தாங்கவில்லை. இடையிடையே இந்தியில் விழுந்தேன், சில இடங்களில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் வரைபடங்களை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும், "இந்த நாற்காலியில உக்காந்துதான் சொன்னார்" என்றார். "டீ குடிச்சார். தையல் போடுறப்ப நீ குழந்தை மாதிரி அழுதேன்னார். டாக்டர் உன்னத் திட்டினார்னு சொன்னார். நான் பாயேஷ் கொடுத்தப்ப அவர் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எவ்வளவு பாசமான புருஷன்னு நினைச்சேன்."

இது எனக்குப் புதிது. ஒரு வரிப் பொய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு டாக்டர், திட்டு, என் அழுகை எல்லாம் இருந்தன. நான் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, வேறொரு என்னை வரைந்திருக்கிறார். அந்தக் கண்ணீர் எதற்கு வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். வெட்கத்தாலா, அந்தப் பாயசத்தின் அன்பாலா? எனக்குத் தெரியவில்லை.

மாசிமா என் தோளைத் தட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். "என்கிட்ட ஒருதரம் தட்டிக் கேட்டிருக்கலாம் நீ," என்றார் டீயை வைக்கும்போது. ஆமாம் என்றேன். அவரும் என்மேல் வருத்தப்பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் போர்வையை விலக்கினேன். மழையின் ஈரத்தில் மெஷினின் இரும்புத் தட்டு செந்தூள் பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தடவித் துடைத்தேன். போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தேன், ஒன்று தளர்ந்திருந்தது. துருப்பிடித்த பிளேடை எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினேன். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மனசு சரியில்லாத நாளில் தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்ததால் அன்று ஓட்டாமல் விட்டேன். அதற்கடுத்த நாளும் ஓட்டவில்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கை நடுங்காது என்று தெரிந்தபோது ஸ்விட்சைப் போட்டேன். சுந்தரவனத்தின் ஒரு தீவு, விளிம்பில் பிசிறில்லாமல் தனியே கழன்று வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அவர் ஆபீஸிலிருந்து வரும் நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு நான் டீ போடுகிறேன். அவருடைய தனிமை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிறோம். ஆனால் கேஸ் சிலிண்டர் நாளைக்கு வரும் என்று அவர் சொன்னால், நான் தனியாகப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஆபீஸில் யாரோ கொடுத்தது என்று அவர் எதையாவது கொண்டுவந்தால், யார் என்று கேட்கிறேன். கேட்கும்போது அவர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. பெரிய விஷயங்களில் அவரை நம்புவது எனக்கு இன்னும் சுலபமாக இருக்கிறது. இந்தச் சின்ன விஷயங்களில்தான் முடியவில்லை.

படியில் மாசிமாவின் கதவு திறந்திருந்தால் இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்குபவர் என் கணவர்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு தீவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது பால்கனி வாசலில் வந்து நின்றார். நான் டிரில்லை நிறுத்தும்வரை காத்திருந்தார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார், சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டிருந்தார்.

"எனக்கும் இதச் சொல்லிக் குடேன்" என்றார்.

மெஷின்மேல் உள்ள ஆசையால் கேட்டாரா, என் பக்கத்தில் உட்கார ஒரு வழி தேடினாரா, செய்ததற்கு ஈடுகட்ட நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் எதற்கு என்று கேட்டிருப்பேன், அவர் சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பேன்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.